எத விட்டுட்டு?

யார் எந்தப் புது வேலையைக் கொண்டுவந்தாலும் எங்கள் சார் முதலில் கேட்பது ஒன்றுதான். “எத விட்டுட்டு?”

கேள்வி கோபமாக வராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டீங்களா என்று விசாரிக்கிற குரலில் வரும். கேட்கப்பட்டவருக்குத்தான் முகம் மாறும். அதுவரை எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் விட்டது கிடையாது. வந்ததையெல்லாம் எடுத்துக்கொள்வோம்.

நான் அங்கே ஜீப் ஓட்டுகிறேன். அனல் மின் நிலையத்து நகரியத்தின் மெயின் பஜாருக்குப் பின்னால், மாடியில் இருக்கும் சின்ன ஒப்பந்த நிறுவனம். வடிகால் வெட்டுவது, ஷெட் போடுவது, குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிப்பது, பம்புக்கு மேடை கட்டுவது என்று வெளிவேலைகள் செய்வோம். முதலாளி திருவதிகைக்காரர். நல்ல மனிதர், இல்லை என்று சொல்லத் தெரியாதவர். யார் வந்து கேட்டாலும் “முட்ச்சிடலாம்” என்பார். ஒரு சைட்டில் பாதி வெட்டிய பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போதே ஆட்களை ஏற்றி இன்னொரு சைட்டில் இறக்குவேன். மத்தியானம் அதே ஆட்களை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுபோவேன். அவர்கள் வண்டியிலேயே தூங்குவார்கள். எந்த வேலையும் முடியாது. எந்த வேலையும் நிற்கவும் நிற்காது.

இதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. எனக்குப் பேச வராது. பிளஸ் டூவோடு நின்றவன். நாலு பேர் கூடினால் வண்டிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். வண்டி ஓட்டுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதே எனக்குப் பெரிய சௌகரியம்.

வேலைகள் இப்படிச் சிக்கிக் கிடந்த நேரத்தில்தான் சார் வந்தார். சென்னையில் பெரிய கட்டுமானக் கம்பெனியில் இருந்தவர். மனைவி நகரியத்தில் வளர்ந்தவர் என்பதால், மகனை வைத்துக்கொண்டு சென்னையில் சமாளிக்க முடியாமல் இந்திரா நகரில் வாடகைக்கு வீடு எடுத்து வந்துவிட்டார்கள். அவர் செய்யும் வேலைக்குப் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் என்று பெயர். ஒரு திட்டத்தை நடத்துவது ஒரு படிப்பாம். கையில் இருக்கும் எல்லாத் திட்டங்களையும் ஒரே இடத்தில் பரப்பி வைத்து, எதைத் தொடர்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதை மூடுவது என்று முடிவு செய்வது வேறு படிப்பாம். அதற்கென்று பல நாட்டுக்காரர்களும் ஒப்புக்கொண்ட நெறிமுறைகள் இருக்கின்றன, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அவர் வாங்கியிருந்தார்.

“வேல ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறது மேஸ்திரி கவலை பாய்,” என்று ஒருநாள் ஜீப்பில் வரும்போது அவராகவே என்னிடம் சொன்னார். “அந்த வேல இப்ப நமக்கு வேணுமான்னு பாக்கறது என் கவலை. ரெண்டையும் ஒரே ஆள் பாத்தா, நடக்கற வேலை மேல ஆசை வந்துடும். அப்புறம் எதையும் மூட மனசு வராது.”

அலுவலகச் சுவரில் பலகை மாட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. ‘நடக்குது’, ‘நிக்குது’, ‘மூடியாச்சு’ என்று மூன்று பத்திகள். அட்டைக்குக் கீழே அதைச் செய்யும் ஆட்களின் பெயர்கள். ஒரு பெயர் ஒரு அட்டையில்தான் இருக்கலாம். ஆள் பெயர் இல்லாத அட்டை மேலே ஏறாது. மாதம் ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்து ஒவ்வொரு அட்டையாகத் தொட்டு ஒரே கேள்விகளைக் கேட்பார். பெரிய வேலை, சின்ன வேலை, வேண்டியவர் வேலை என்ற பேச்சே கிடையாது.

அதில் முதலில் சிக்கியது முதலாளிதான்.

“சார், எங்க தெருவுல ஒரு சமையல் ஷெட்டு போடணும்,” என்றார் முதலாளி. “திருவிழாவுக்கு முன்ன முடியணும். தம்மாத்தூண்டு வேல.”

“எத விட்டுட்டு?”

“எதையும் வுட வேணாம். அங்கங்க ரெண்டு ஆள உருவிகினா போதும்.”

“எந்த அட்டையில இருந்து? பேர் சொல்லுங்க.”

“இன்னா சார் நீங்க. எங் கம்பெனி, எங் காசு, எங்க ஊரு. நானே உங்ககிட்ட மனு குடுத்துகினு நிக்கணுமா?”

“ஆமா,” என்றார் அவர். “உங்களுக்கு ஒரு கேள்வி, மத்தவங்களுக்கு ஒரு கேள்வின்னா, நாளைக்கு நான் என் மச்சானுக்கு ஒரு செவுரு கட்டுவேன். பாய் அவங்க வீட்டுக்குக் காம்பவுண்டு போடுவாரு. கேக்க முடியாது.”

நான் குனிந்துகொண்டேன். முதலாளி ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. இருவரும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். “பாய், டீ வேணுமான்னு சாரண்ட கேளு,” என்பார் முதலாளி. நான் திரும்பி அவரைப் பார்ப்பேன். “வேணாம்னு சொல்லிடுங்க பாய்,” என்பார். நான் திரும்பி முதலாளியைப் பார்ப்பேன். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது.

அந்த வருஷம் மழைக்கு முன்பே வடிகால் வேலை முடிந்தது. ஷெட் இல்லாமல் திருவிழாவும் நடந்தது. அதற்குப் பிறகு முதலாளி, டீ வேணுமா என்று அவரிடமே நேராகக் கேட்க ஆரம்பித்தார்.

வேலையை நிறுத்துகிறவர் என்பதால் ஆட்கள் அவருக்கு ஸ்டாப் சாரு என்று பெயர் வைத்தார்கள். என் ஜீப்பில் முன் சீட்டில் அவர் தலை தெரிந்தால் போதும். “வந்துட்டாருடா, எந்தக் கடையச் சாத்தப் போறாரோ,” என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வேலையை மூடுவதென்றால் அவர் போனில் சொல்ல மாட்டார். மேஸ்திரியிடம் சொல்லியனுப்பவும் மாட்டார். தானே வந்து நடுவில் நிற்பார். இந்த வேலை இன்றோடு முடிகிறது. தப்பு உங்கள் மேல் இல்லை. இதுவரை நீங்கள் செய்தது இன்னது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாளைக்கு யார் எங்கே போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பார். அன்றே கொடுத்துவிடுவார். ஒரு கை ஒருநாள் சும்மா இருப்பதும் அவருக்குப் பொறுக்காது. கடைசியில் எல்லோருக்கும் டீ. நிறுத்தியவன் கையால் டீ குடிக்க மாட்டேன் என்று ஒருவன் தரையில் ஊற்றியிருக்கிறான். அவர் அவனுக்கு இன்னொன்று ஊற்றி வைத்துவிட்டு வந்தார்.

அவர் எப்போதும் சரியாகத்தான் செய்தார் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

எங்கள் ஆட்கள் தங்கும் கொட்டகைக்குத் தகரம் மாற்றும் வேலை ஒன்று பலகையில் இருந்தது. கேள்விகளையெல்லாம் போட்டுப் பார்த்ததில் அது கீழே போய்விட்டது. ‘நிக்குது’ பத்திக்கு மாற்றினார். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் காற்றோடு மழை அடித்து, பழைய தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு விழுந்தது. சமைத்துக்கொண்டிருந்த சித்தாள் செல்வியின் தோளில் இறங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். செல்வி கட்டுப் போட்ட தோளோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

“நீதான் தள்ளி வச்சியாமே. மேஸ்திரி சொன்னாரு.”

“ஆமாம்மா. நான்தான்.”

“இன்னாத்துக்கு?”

வடிகால் வேலை, ஆள் பற்றாக்குறை என்று ஏதோ ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“உன் வூட்டுக் கூரையா இருந்தா தள்ளி வச்சிருப்பியா சார்?”

“வரிசையில எங்க வருதோ அங்கதான் வச்சிருப்பேன்.”

அந்தப் பதிலை அங்கே அவர் சொல்லியிருக்க வேண்டாம். செல்வி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது மின் நிலையம் தாண்டும்வரை அவர் வழியில் தெரிந்த தகரக் கூரைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “நம்ம கேள்வியில ஒண்ணு கொறையுது பாய்,” என்றார். மறுநாள் பலகைக்கு மேலே புதிதாக ஒரு வரி இருந்தது. ‘செய்யாமல் விட்டால் யாருக்கு அடிபடும்?’ அதிலிருந்து எல்லா அட்டைக்கும் அதுதான் முதல் கேள்வி. கொட்டகைக்குத் தகரம் அந்த வாரமே மாறியது. கேள்வி ஒன்று கூடியது. செல்வியின் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, இன்றைக்கும் எழும்பவில்லை.

வீட்டில் அவர் வேறு மாதிரி மனிதர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அங்கேயும் அவர் அப்படியேதான் இருந்தார். மகனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும், நாங்கள் தம்பி என்போம். நடக்க முடியாது, பேச்சு கிடையாது. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. தினமும் காலையில் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் அவர் அலுவலகம் வருவார். சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டதும் தம்பி உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுப்பான். அவர் பையைக்கூட வைக்காமல் அவனிடம் போவார். சொந்தக்காரர் கல்யாணம், கோயில், ஊர்ப் பயணம் என்று எது வந்தாலும் மகனை முன்னால் வைத்து அதே கேள்விதான்.

“கல்யாணமான புதுசுல சினிமாவுக்குக் கூப்பிட்டாலே எத விட்டுட்டுன்னு கேப்பாரு பாய்,” என்று அவர் மனைவி, அந்த அம்மா, ஒருமுறை காபி கொடுத்துக்கொண்டே சிரித்தார். சிரித்த முகத்தோடுதான் அடுத்ததையும் சொன்னார். “நான் ஸ்கூல் டீச்சரா இருந்தேன், தெரியுமா? இவன் பொறந்தப்ப, இவன யாரு பாத்துக்கறதுன்னு பேச்சு வந்துது. எத விட்டுட்டுன்னு கேட்டாரு. வேலைய விட்டுட்டேன்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பல வருஷமாக இருந்த சர்க்கரை அவருடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் எங்கும் இடம் காலியில்லை, புதுச்சேரியில்தான் கிடைத்தது. அந்த மாதக் கூட்டத்தில் முதலாளியே எழுந்து ஒரு புது அட்டையைப் பலகையில் குத்தினார். ‘சாரு ஆஸ்பத்திரி’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. கீழே ஜீப்பும் என் பெயரும்.

“எத விட்டுட்டு முதலாளி?” என்றார் அவர். குரல் வழக்கம்போல் இல்லை.

“மூணு நாளும் நான் ஸ்கூட்டர்ல சைட்டுக்குப் போய்க்கிறேன்.”

“மழை வந்தா?”

“நனையறேன். இப்ப இன்னா அதுக்கு?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடியும் மாட்டிக்கொண்டார். ‘செய்யாமல் விட்டால் யாருக்கு அடிபடும்’ என்பதை அன்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போவேன். பண்ருட்டி வழியாகப் போவோம். போகும்போது முன் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போது பின்னால் படுத்துக்கொள்வார். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் எனக்கு உடம்பு கூசும். ஊசி குத்துவதற்காக இடது கையில் நரம்பைச் சேர்த்து அறுவை செய்திருந்தார்கள். அந்தக் கையால் இனி எடை தூக்கக் கூடாது. அங்கேதான் எல்லாம் மாறியது. தம்பியைத் தூக்க அதற்குப் பிறகு அந்த அம்மா மட்டும்தான். போகும் நாட்களில் நான் ஒரு கை கொடுப்பேன். முழங்காலுக்குக் கீழே ஒரு கை, முதுகுக்கு ஒரு கை என்று அந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தம்பி என் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொள்வான். மற்ற நாட்களில் அந்த அம்மா தனியாகத் தூக்கினார். வாந்தி எடுத்துவிட்டுக் கிடக்கும் கணவரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா குளியலறையில் தம்பியோடு சேர்ந்து விழுந்துவிட்டார். தம்பிக்கு நெற்றியில் காயம். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டு.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவர் சட்டை போடாமல், வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்து தம்பிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க பாய்.”

“நேரமாச்சு சார்.”

“உக்காருங்க.” நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். “இந்த வேலய இன்னியோட மூடறோம். தப்பு உங்க மேல இல்ல. விடியறதுக்குள்ள வந்து நின்னீங்க. ஒரு நாள் லேட் கிடையாது. திரும்பி வரப்ப வண்டிய எவ்ளோ மெதுவா ஓட்டினீங்கன்னு எனக்குத் தெரியும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுகிறார் என்று நினைத்தேன்.

“நாளன்னிக்கு இருந்து அந்த மூணு நாள் காலையும் தம்பிக்கு. அவளால ரெண்டு பேர சுமக்க முடியாது. தூக்க ஒரு ஆள் வேணும். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்.”

அவர் தன் சிகிச்சையையே மூடுகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் யாரையும் எதிர்த்துக் கேட்டவன் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது.

“செய்யாம விட்டா யாருக்கு சார் அடிபடும்?”

அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார். “எனக்கு,” என்றார். “அத மொதல்லயே போட்டுப் பாத்துட்டேன் பாய்.”

உள்ளேயிருந்து அந்த அம்மா ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்தார். “இன்னும் கிளம்பலையா? பாய் வந்து எவ்ளோ நேரமாச்சு?”

அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது.

“உக்காரு, சொல்றேன்,” என்றார் அவர்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே முதலில் அவர் குரல் மட்டும் கேட்டது. பிறகு டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு என்னென்னவோ நடந்தது. அந்த அம்மாவின் அண்ணன் வந்தார். டாக்டர் போனில் பேசினார். வியாழக்கிழமை முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சார் தம்பியின் பக்கத்தில் பாயில் படுத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. தம்பியின் கை அவர் வயிற்றின் மேல் கிடந்தது.

“எங் கம்பெனி சார், என் வண்டி,” என்றார் முதலாளி. “நான் சொல்றேன், ஏறுங்க. மயக்கமானா தூக்கிகினு போயிடுவேன், பாத்துக்கங்க.”

“தூக்கிட்டுப் போனா சாவ ரெண்டு நாள் தள்ளிப்போடலாம் முதலாளி. அதுக்கு மேல என்ன?” என்றார் அவர். சண்டை போடுகிற குரல் இல்லை. முதலாளி திண்டாடிப் போய் என்னைப் பார்த்தார். தூக்கலாம் என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன். எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. இருவரும் திரும்பி வந்தோம். படியிறங்கும்போது முதலாளி செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு தெருவரை வந்துவிட்டார்.

அடுத்த வாரம் மூச்சு முட்டல் வந்தது. கடைசியில் அந்த அம்மாவின் அண்ணன் ஆம்புலன்ஸ் வரவழைத்து ஏற்றினார். வண்டி கடலூர் போய்ச் சேரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் நான் இந்திரா நகருக்குப் போனேன். அவர் அந்த மூன்று காலைகளையும் என்னிடம் ஒப்படைத்திருந்தார். போகாமல் இருக்க எனக்கு மனமில்லை. அந்த அம்மா கேட்டுக்குள்ளேயே நின்றார். மாவுக்கட்டு அழுக்காகியிருந்தது.

“யாரு வரச் சொன்னா?”

“சார்தான்மா. தம்பியத் தூக்க.”

“தெரியும். சொன்னாரு.” கேட் கம்பியை நல்ல கையால் பிடித்துக்கொண்டார். “என் கைய எண்ணினாரு பாய். எத்தன கை இருக்கு, எவ்ளோ தாங்கும்னு எண்ணினாரு. என்னால முடியாதுன்னு நான் எப்பயாச்சும் சொன்னேனா? ஒரு நாள்? ரெண்டு பேரையும் தூக்கணும்னுதான இருந்தேன். என்ன ஒரு வார்த்த கேட்டாரா? உங்ககிட்ட சொன்னாரு. உங்க மொதலாளிகிட்ட சொன்னாரு. கடைசியா எங்கிட்ட சொன்னாரு. சொன்னாரு. கேக்கல.”

உள்ளே தம்பிக்கு ஜீப் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் குரல் வந்தது. அவன் யாரை நினைத்துக் கூப்பிடுகிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் நின்றார்.

“நீங்க போங்க. அவரு போட்டுக் குடுத்த ஆள் எனக்கு வேணாம். எனக்கு வேணும்னா நானே கூப்பிடுவேன். நான் கூப்பிட்டா வாங்க.”

வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். இப்போது அவனை எப்படித் தூக்குகிறார், யார் தூக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் கூச்சமாக இருக்கிறது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். செவ்வாய், வியாழன், சனி காலைகளுக்கு அவர் எனக்கு இதுவரை எந்த வேலையும் வைக்கவில்லை. ஸ்கூட்டரிலேயே சைட்டுக்குப் போய்வருகிறார். நானும் வேலை கேட்கவில்லை. விடிந்ததும் ஜீப்பைத் துடைத்து, போனை டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓர் ஆளையும் ஒரு வண்டியையும் இப்படிச் சும்மா நிறுத்தி வைத்திருப்பதை சார் பார்த்திருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த அம்மா இன்னும் கூப்பிடவில்லை.